மூன்றாவது வரிக்கு இறங்கிய சொல்

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ரோஸி கேட்டபோது, எனக்கு எழுத வராது என்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. "அந்தச் சாயர்புரம் சங்கதிய எழுதுங்கக்கா. எம்பேரையும் போட்டே எழுதுங்க" என்றாள். ரோஸி இன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் மேலே இருக்கிறாள். அன்றைக்கு அந்தச் செயலியை எழுதியவள் அவள். அதைச் சோதித்துப் பார்த்துச் 'சரி' என்று சொன்னவள் நான். இரண்டு பேரும் சேர்ந்து தலைகுனிந்த விஷயம். எனக்கு இப்போது வேலை வெட்டி இல்லை என்பதால் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

நான் சொல்லப் போவது, கைபேசித் திரையில் ஓர் அறிவிப்பு எத்தனை வரி பிடிக்கிறது என்று எண்ணுவதைப் பற்றி. சிரிக்காதீர்கள். நானும் சிரித்தவள்தான். வரி எண்ணுவதும் ஒரு வேலையா, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எண்ணிவிடுமே என்று ரோஸியைக் கிண்டல் செய்திருக்கிறேன். அவளும் சிரித்துக்கொண்டே எழுதினாள்.

அப்போது எங்கள் அலுவலகம் தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு மாடியில் இருந்தது. சன்னலைத் திறந்து வைத்தால் கணினி மேல் நிலக்கரித் தூசி படியும். நான் அதற்கு முன்பு, சரக்குக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள். மென்பொருள் படித்தவள் இல்லை. எதைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடிப்பாள் என்ற பெயர் எனக்கு இருந்ததால் சோதனைப் பிரிவில் உட்கார வைத்தார்கள். பிரிவு என்றால் நான் ஒருத்திதான்.

துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அவர்களுக்காக ஒரு செயலி செய்து கொடுத்தோம். இன்றைக்கு யாருக்கு முறை, எந்த வாசல் வழியாக உள்ளே போக வேண்டும், எந்த யார்டில் வண்டியை நிறுத்த வேண்டும், இதெல்லாம் அதில் வரும். நன்றாகவே ஓடியது. ஒருநாள் சங்கச் செயலாளர் வந்து, "மேடம், எல்லாரும் எந்நேரமும் இதைத்தான பாக்கானுவ. நம்ம ஆளுவ நல்லது கெட்டதையும் இதுலயே போட்டுருவோமே" என்றார். கல்யாணம், சடங்கு, இறப்பு எல்லாவற்றையும்தான் சொல்கிறார். அவரே எழுதிப் போட்டுவிடுவார், நாங்கள் இடம் மட்டும் அமைத்துக் கொடுத்தால் போதும் என்றார்.

ஒவ்வொரு அறிவிப்புக்கும் திரையில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்தில் இரண்டு வரி தெரியும். அதற்கு மேல் இருந்தால் 'மேலும்' என்று ஒரு பொத்தான் வரும். தொட்டால் முழுவதும் விரியும். இரண்டு வரிக்குள் முடிந்துவிட்டால் பொத்தான் வராது. பொத்தான் இருக்கும்போது புள்ளிகள் எதற்கு என்று, வரியின் கடைசியில் வரும் மூன்று புள்ளிகளையும் எடுத்துவிட்டோம். பார்க்கச் சுத்தமாக இருந்தது.

ஆங்கிலத்தில் மாதிரி எழுதிப் பார்த்தோம். ஆங்கிலத்தில் இறந்தவர் பெயர் முதலில் வரும், இறந்தார் என்பது அடுத்து வரும், யாருக்கு யார் என்பது கடைசியில் வரும். இரண்டு வரியில் வெட்டினாலும் விஷயம் கைக்கு வந்துவிடும். நம் இறப்புச் செய்தியை நினைத்துப் பாருங்கள். இன்னார் அவர்களின் தாயாரும், இன்னார் அவர்களின் துணைவியாரும், இன்னார் இன்னார் ஆகியோரின் மாமியாருமான என்று உயிரோடு இருக்கிற அத்தனை பேரும் வரிசையாக நின்ற பிறகுதான், செத்தவர் கடைசியில் வருவார். பிறந்ததிலிருந்து இந்தச் செய்திகளைப் படித்து வளர்ந்தவள் நான். அது என் மண்டையில் உறைக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. எத்தனை வரி என்று செயலி கைபேசியைக் கேட்கும். எழுத்துகளைத் திரையில் பரப்பி முடித்த பிறகு கேட்டால் கைபேசி சரியாகச் சொல்லும். பரப்புவதற்கு முன்பே கேட்டால் ஒன்றுமில்லை, சுழியம் என்று சொல்லும். அது பொய் சொல்லவில்லை. நாம்தான் முந்திக்கொண்டு கேட்டுவிட்டோம். செயலியைத் திறந்து மெதுவாகக் கீழே தள்ளிக்கொண்டு போனால் எல்லாம் சரியாக வந்தது. நான் அப்படித்தான் சோதித்தேன். ஆனால் 'துயரச் செய்தி' என்று கைபேசி ஒலித்தவுடன் அதைத் தொட்டுத் திறந்தால், செயலி அவசர அவசரமாக அந்தக் கட்டத்துக்கே போகும். அந்த அவசரத்தில் எழுத்து உட்காரும் முன்பே வரியைக் கேட்டுவிடும். சுழியம் என்று பதில் வரும். இரண்டுக்கும் குறைவுதானே என்று பொத்தானைக் காட்டாமல் விட்டுவிடும். இறப்புச் செய்தியை யார் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள்?

ஒரு வியாழக்கிழமை காலை, சாயர்புரத்தில் செல்லத்துரை அண்ணாச்சியின் தாயார் இறந்துபோனார். செல்லத்துரை லாரி உரிமையாளர். சங்கத்தில் அவருக்குப் பதவி எதுவும் கிடையாது, ஆனால் அவரைத் தெரியாதவர் கிடையாது. எந்த ஓட்டுநருக்கு எங்கே விபத்து என்றாலும் ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக நிற்பவர். எங்கள் அலுவலகத்துக்கும் வந்திருக்கிறார். எழுத்தைப் பெரிதாக வைத்தால் பொத்தான் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது என்று ரோஸியிடம் சிரித்துக்கொண்டே காட்டிவிட்டுப் போனவர்.

செயலாளர் எழுதிப் போட்ட செய்தி இது: "சாயர்புரம் லாரி உரிமையாளர் செல்லத்துரை அவர்களின் அருமைத் தாயாரும், மறைந்த ஆசிரியர் தேவதாசன் அவர்களின் துணைவியாருமான ஞானப்பூ அம்மாள் இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நல்லடக்கம் மாலை நான்கு மணி." எழுத்துப் பிழை இல்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஓட்டுநர்கள் பெரும்பாலும் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார்கள். வண்டிக்குள் கையெட்டுகிற தூரத்தில் மாட்டியிருப்பதைப் படிக்க வேண்டுமே. அந்தப் பெரிய எழுத்தில் முதல் வரி 'சாயர்புரம் லாரி' என்று நின்றது. இரண்டாவது வரி 'உரிமையாளர் செல்லத்துரை' என்று நின்றது. 'அவர்களின்' என்ற சொல்லுக்கு இடம் போதாமல் அது மூன்றாவது வரிக்கு இறங்கிவிட்டது. மூன்றாவது வரியை நாங்கள் காட்டவில்லை. பொத்தானும் இல்லை, புள்ளியும் இல்லை. கறுப்புக் கட்டத்துக்குள், துயரச் செய்தி என்ற தலைப்புக்குக் கீழே, சாயர்புரம் லாரி உரிமையாளர் செல்லத்துரை.

அதைப் படம் பிடித்து எல்லாக் குழுக்களிலும் போட்டுவிட்டார்கள். நான் வந்து நாற்காலியில் உட்காரும்போதே தொலைபேசி அலறியது. "யக்கா, அண்ணாச்சி எப்படிப் போனாரு? நேத்துகூட யார்டுல பாத்தேனே" என்று ஓர் ஓட்டுநர் அழுதார். நானும் அதிர்ந்துபோனேன். எங்கள் செயலியில் வந்த செய்தியை நானே நம்பினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த அழைப்பு செயலாளர்.

"என்ன மேடம் காரியம் பண்ணி வச்சிருக்கிய? செல்லத்துரை உசுரோட இருக்காரு. இப்பதான் எங்கிட்ட பேசுனாரு. ஊரே அவரு போயிட்டாருன்னு வேன் புடிச்சுக் கெளம்பிட்டு. மொதல்ல மறுப்புப் போடுங்க."

ரோஸி கணினியில் பார்த்தாள். தவறு எங்கே என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அதைச் சரிசெய்து எல்லோர் கைபேசிக்கும் போய்ச் சேர்க்க அன்றைக்குள் முடியாது என்பதும் தெரிந்துவிட்டது. அதற்குள் தொலைபேசி நிற்கவே இல்லை. மேலாளர் ஊரில் இல்லை. முடிவெடுக்க வேண்டியவள் நான்தான் என்றானது.

இரண்டு வரிக்குள் அடங்குகிற மாதிரி எழுது என்றேன். அவள் எழுதினாள். "செல்லத்துரை நலம். முந்தைய செய்தி தவறு." எவ்வளவு பெரிய எழுத்திலும் முழுதாகத் தெரிகிறதா என்று இரண்டு பேரும் வைத்துப் பார்த்தோம். தெரிந்தது. அனுப்பு என்றேன். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடங்கியது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ரோஸியைக்கூடத் தட்டிக்கொடுத்தேன்.

நேரில் போய் மன்னிப்புக் கேட்பதுதான் மரியாதை என்று ஆட்டோ பிடித்துச் சாயர்புரம் கிளம்பினேன். மூத்தவளாக நான் போகிறேன், நீ இருந்து மற்றதைப் பார் என்று ரோஸியிடம் சொன்னபோது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

சாயர்புரம் சாலை பிரிகிற, தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டை விலக்கில் ஆட்டோக்காரர் டீ குடிக்க நிறுத்தினார். அங்கே இரண்டு வேன்கள் நின்றன. எல்லாம் நம் சங்கத்து ஆட்கள். ஒருவர் என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தார்.

"மேடம், திருத்தி அனுப்புனிய பாருங்க, நல்லதாப் போச்சு. அழுதுட்டே வந்தோம். அண்ணாச்சிக்கு ஒண்ணுமில்லையாம்லா! இப்படியே திரும்பிப் போறோம். லோடு கெடக்கு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

நானும் சிரித்தேன். ஆமாம் அண்ணாச்சி, நல்ல வேளை என்றேன். அவர்கள் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்தேன். வேன் இரண்டும் தூத்துக்குடிப் பக்கம் திரும்பின. என் ஆட்டோ சாயர்புரம் சாலையில் இறங்கியது. உடைமரங்களைத் தாண்டிப் போகும்போது, அந்த வீட்டில் என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். என்னவோ ஒன்று இடறியது. ஆனால் அது என்ன என்று பிடிபடவில்லை. இப்போது நினைத்தால் அந்த ஆட்டோவிலிருந்து குதித்து எங்காவது ஓடிவிடலாம் போல இருக்கிறது.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி அடுக்கு அடுக்காக வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. உள்ளே கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சபைப் பெண்கள் உட்கார்ந்து கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் சிலர் சுவரோரம் நின்றார்கள். செல்லத்துரை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம், உக்காருங்க" என்று அவரே ஒரு நாற்காலியைப் பிரித்துப் போட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது கெடக்கட்டும். காலையில இருந்து போன் மேல போன். நான் உசுரோட இருக்கேன், உசுரோட இருக்கேன்னு சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கி. எங்கம்மா போயிட்டான்னு சொல்லுததுக்குள்ள 'அப்பாடா'ங்கானுவ, சிரிக்கானுவ, வச்சிருதானுவ. அப்புறம் ஒரு போனும் இல்ல." சாலையைத் திரும்பிப் பார்த்தார். "சங்கத்து ஆளுவ ஒருத்தனையும் காணுமே மேடம். வழியில பாத்தியளா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தைய செய்தி தவறு என்று அனுப்பியிருக்கிறோம். முந்தைய செய்தியில் தவறே இல்லை. அந்த வீட்டில் ஒரு சாவு நிஜமாகவே விழுந்திருக்கிறது. செத்த மனுஷியை முதலில் மூன்றாவது வரிக்குக் கீழே மறைத்தோம். பிறகு, அப்படி ஒரு சாவே இல்லை என்று எல்லோருக்கும் சொல்லி, வந்துகொண்டிருந்தவர்களைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிட்டோம். அவர்களோடு நின்று டீயும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

பார்த்தேன் என்று சொன்னேன். திரும்பிப் போகிறார்கள் என்றும், அதற்குக் காரணம் நாங்கள்தான் என்றும் சொன்னேன். அவர் பந்தல் காலை விட்டுவிட்டுப் போய் அடுக்கிய நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட ஆரம்பித்தார்.

ரோஸியைக் கூப்பிட்டேன். இன்னொரு செய்தி போட வேண்டும், அம்மா இறந்ததைச் சொல்ல வேண்டும் என்றேன். "செல்லத்துரை அவர்களின் அம்மா காலமானார்னு போடவாக்கா?" என்று கேட்டவள், அவளே உடனே, "ஐயோ, வேண்டாம்க்கா" என்றாள். "போனுக்குப் போன் எழுத்து வேற. 'அம்மா' கீழ எறங்கிடுச்சுன்னா மறுபடியும் அண்ணாச்சிதான் போவாரு."

சரி, அம்மா பெயரை முதலில் போடுவோம் என்றேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. காலையிலிருந்து அந்தச் செய்தியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எத்தனை வரி, எந்தச் சொல் எந்த வரியில் என்று பார்த்தேனே தவிர, எங்கோ கீழே ஒரு வரியில் இருந்தவரைப் படிக்கவில்லை.

செல்லத்துரையின் மனைவி பக்கத்தில் நின்று நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க மாமிக்குப் பேரு இருக்கு மேடம்" என்றார். "ஞானப்பூ."

ரோஸி எழுதிக்கொண்டே, "ஞானப்பூ அம்மாள்னு போட்டா எத்தன பேருக்குக்கா தெரியும்? எல்லாருக்கும் அவங்க அண்ணாச்சியோட அம்மாதான" என்றாள். அதுவும் நிஜம். மகன் பெயரை முன்னால் போட்டால் மகன் சாவார். அம்மா பெயரை முன்னால் போட்டால், யாரோ என்னவோ என்று தள்ளிவிடுவார்கள். இரண்டு வரிக்குள் இரண்டு பேரையும் வைக்க இடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தபோது இப்படி ஒரு கணக்கு வரும் என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா பெயரே முதலில் நிற்கட்டும் என்றேன். தெரியாதவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொள்வோம், வேறு வழியில்லை. 'ஞானப்பூ அம்மாள் காலமானார்' என்று எழுதச் சொன்னேன். செல்லத்துரையின் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "காலமானார்னு எங்கள்ல போடமாட்டோம் மேடம். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்னு போடுங்க. அவங்க விசுவாசி." 'கர்த்தருக்குள்' என்ற ஒரு சொல்லே பெரிய எழுத்தில் ஒரு வரியைத் தின்றுவிடும். நித்திரை கீழே போய்விடும். கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஒரு மருமகளிடம், உங்கள் மாமியார் கர்த்தருக்குள் நித்திரையடைய எங்கள் கட்டத்தில் இடம் போதாது என்று சொன்னவள் நான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "என்னமும் போட்டுக்கிடுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பயிற்சியில் சொல்வார்கள்: எழுத்து திரையில் உட்கார்ந்த பிறகு வரியை எண்ணுங்கள், பெரிய எழுத்தில் சோதியுங்கள், அறிவிப்பைத் தொட்டுத் திறந்து பாருங்கள். எல்லாம் சரிதான், செய்யுங்கள். ஆனால் அன்றைக்கு எங்களை மண்ணைக் கவ்வ வைத்தது முதல் தவறு இல்லை. முதல் தவறை இயந்திரம் செய்தது. இரண்டாவது தவறை நிதானமாக, இரண்டு பேர் சேர்ந்து, இரண்டு வரிக்குள் அடங்குகிறதா என்று அளந்து பார்த்துச் செய்தோம். தொலைபேசி அலறுவதை நிறுத்தினால் போதும் என்று நினைத்தோம். அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டு, "அண்ணாச்சி, என்ன எழுதட்டும்?" என்று கேட்கத் தோன்றவில்லை.

செய்தி போனது. யாரும் நம்பவில்லை. காலையில் செத்தார் என்றவர்கள், பிறகு இல்லை என்றவர்கள், இப்போது வேறு யாரோ என்கிறார்களே என்று நினைத்திருப்பார்கள். அலுவலகத்தில் ரோஸி ஒரு பக்கம் கூப்பிட, நான் பந்தலில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பாட்டுச் சத்தத்தில் காதில் சரியாக விழவில்லை என்று கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பேசினேன்.

"இப்பதான மேடம் தவறுன்னு அனுப்புனிய?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். "வெளையாடுதியளா?" என்றார் இன்னொருவர். நம்பியவர்களும் இருந்தார்கள். "அம்மாவா? வயசானவங்கதான மேடம்? பாவம். அண்ணாச்சிக்கு ஒண்ணுமில்லல்லா, அது போதும். இப்ப வாசல்ல முறை வந்துட்டு. நாளைக்கு வந்து பாத்துக்கிடுதோம்." கொஞ்சம் வார்த்தை மாற்றி அதையே பலர் சொன்னார்கள். புதுக்கோட்டையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் மட்டும், "ஐயையோ" என்று தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. ஆள்களைத் திரட்டிக்கொண்டு திரும்பி வருகிறேன் என்றார்.

அங்கே சபை ஊழியரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வந்து ஜெபத்துக்குத் தயாராக நின்றார். கொஞ்சம் தாமதித்து எடுக்கலாமா, ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று நான் செல்லத்துரையிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"வேண்டாம் மேடம். நாலுன்னா நாலுதான். எங்கப்பா கூடச் சேந்து பள்ளிக்கூட மணிக்கு வாழ்ந்தவ. அவளைக் காக்க வச்சு எனக்குப் பழக்கமில்ல" என்றார்.

எடுத்துவிட்டார்கள். உறவுக்காரர்களும் சபைப் பெண்களும்தான் பின்னால் போனார்கள். நானும் போனேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டபோது எனக்குப் போடத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒதுங்கி நின்றுகொண்டேன்.

மண்ணை மூடி ஐயர் ஆசீர்வாதம் சொல்லி முடித்த பிறகு திரும்பி வருகிறேன் என்றவரின் வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார்கள். செல்லத்துரையைக் கண்டதும் அவர்களால் தாங்க முடியவில்லை. ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, உங்களைப் பாத்துட்டேனே, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று அழுதுகொண்டே சிரித்தார். இன்னொருவர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காலையிலிருந்து அவர்கள் பட்ட பாடு அது. குறை சொல்ல முடியாது. ஈரம் காயாத மண்ணுக்குப் பக்கத்தில், உயிரோடு இருப்பதற்காக ஒரு மனிதனைக் கொண்டாடினார்கள்.

அவர் எல்லோரையும் முதுகில் தட்டிக்கொடுத்தார். "சரிலே, சரிலே. எனக்கு ஒண்ணுமில்ல. அங்கன அம்மாவைப் பாருங்க" என்றார். அப்போதுதான் அவர்கள் மண்மேட்டைப் பார்த்து, சிரித்த வாயை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு செல்லத்துரை என்னிடம் வந்தார். ஆட்டோ இருக்கிறதா என்று விசாரித்தார். நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"தப்பு யாருக்கும் வரும் மேடம். அதை விடுங்க. ஆனா நான் செத்தேன்னா வேன் புடிச்சு வாரானுவ. எங்கம்மா செத்தான்னா 'நாளைக்குப் பாத்துக்கிடுதோம்'ங்கானுவ. நீங்க போன் பேசும்போது நானும் பக்கத்துலதான நின்னேன். உங்க தப்பு இல்லன்னா இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அம்மாவுக்காகத்தான் வந்தானுவன்னு நெனச்சிட்டே இருந்திருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைப் போலச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியவள் நான்தான். இனிமேல் இப்படி நடக்காது அண்ணாச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு இன்னொரு அம்மா இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆட்டோவில் ஏறினேன்.